நம்பர் யார் பேரில்

கறம்பக்குடி
20.7.2025

அன்புள்ள கார்முகில் அவர்களுக்கு,

பேரை எழுதிவிட்டேன். புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்றுதான் அம்மா சொல்லி அனுப்பினாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

இங்கே நான், அப்பா, அம்மா மூன்று பேரும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். ஆடி பிறந்ததும் அப்பா என்னைக் கூட்டி வந்து முழுசாக நாலு நாள் ஆகவில்லை. அதற்குள் அம்மா, "என்னடி எந்நேரமும் ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறே" என்று கேட்டுவிட்டாள். பஸ் வருதான்னு பாக்குறேன் என்று சொல்லி வைத்தேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். காரணம் நீங்கள்தான். ரீசார்ஜ் பண்ணாதே, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பிளானாகப் போட்டுவிடலாம் என்றீர்கள். நானும் நல்ல பிள்ளையாகச் சும்மா இருந்தேன். வெள்ளிக்கிழமையோடு என் போனில் யாரையும் கூப்பிடவும் முடியவில்லை, யார் கூப்பிட்டாலும் வருவதும் இல்லை. அப்பா போனில் பேசலாம் என்றால், அது காதில் வைத்தால் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். நேற்று நீங்கள் "நீ இல்லாம தூக்கமே வரல பிரகதி" என்றதை அப்பா, அம்மா, பால்காரர் எல்லோரும் கேட்டார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவர், ஒரு மணி நேரம் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஒரு மாடு எவ்வளவு தண்ணிதான் குடிக்கும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கம்பெனி, எந்தப் பிளான் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். ஒன்றே ஒன்று, என் நம்பர் மாறக் கூடாது. கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சுவரில் 'பிரகதி ஆரி ஒர்க்ஸ்' என்று ரோஸ் கலரில் எழுதி, கீழே அந்த நம்பரைத்தான் போட்டிருக்கிறது. போன வருஷம் அடித்த ஐந்நூறு துணிப்பையிலும் அதே நம்பர். ஆவணி பிறந்தால் முகூர்த்தம். கல்யாணப் பெண்கள் ரவிக்கைக்கு ஆரிப் பூவேலை கேட்டுக் கூப்பிடுகிற நேரம் இது. விராலிமலைக்கு வந்த பிறகும் நான் அந்தப் பத்து எண்ணை வைத்துத்தான் தொழில் செய்யப் போகிறேன். ஆகவே சீக்கிரம் விசாரித்து எழுதுங்கள்.

உங்கள்
பிரகதி


விராலிமலை
23.7.2025

அன்பு பிரகதிக்கு,

கம்பெனியிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்தால், அம்மா உன் கடிதத்தை சாமி படத்துக்குக் கீழே வைத்து, பக்கத்தில் விபூதித் தட்டையும் வைத்திருக்கிறாள். ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்துவிட்டாளாம். எனக்குக் கடிதம் எழுதிய முதல் ஆள் நீதான். இரண்டு தரம் படித்தேன். பால்காரர் கேட்ட இடத்தை மட்டும் மூன்று தரம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நாலு கடை ஏறி இறங்கி விசாரித்துவிட்டேன். இப்போது நாம் தனித்தனியாகப் போட்டால் ஆளுக்கு மாதம் முந்நூற்று ஐம்பது, ஆக எழுநூறு. உன் சிம் கம்பெனியிலேயே தம்பதிகளுக்கென்று ஒரு பிளான் இருக்கிறது. ஒரு மெயின் நம்பர், அதோடு சேர்ந்த இன்னொரு நம்பர், இரண்டுக்கும் ஒரே பில், ஐந்நூற்றுத் தொண்ணூறுதான். மாதம் நூற்றுப் பத்து மிச்சம்! என் நம்பரை உன் கம்பெனிக்கு மாற்றிவிடுகிறேன். மறுவீட்டுக்கு வந்தபோது சிக்னலுக்காக உங்கள் வீட்டு வாட்டர் டேங்க் மேல் ஏறி நின்றேனே, அந்த வேலையும் இனி இல்லை.

உன் நம்பர் மாறவே மாறாது, கவலைப்படாதே. ஒரே பில்லில் வர வேண்டுமானால் இரண்டு நம்பரும் ஒரே ஆள் பேரில் இருக்க வேண்டும் என்றார்கள். உன் நம்பர் மாமா பேரில்தானே இருக்கிறது? அவர் ஆடிச் சீரோடு வந்த அன்றைக்கே நான் பேசி, என் பேருக்கு மாற்ற ஃபாரத்தில் கையெழுத்தும் ஆதார் நகலும் வாங்கி வைத்துவிட்டேன். நீ உள்ளே அம்மாவோடு பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். உன்னை எதற்குத் தொந்தரவு பண்ண வேண்டும் என்று சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை எனக்கு லீவு. புதுக்கோட்டை ஆபீசில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. எப்படி என் ஏற்பாடு?

தூக்கம் இன்னும் வரவில்லை. கடிதத்தில் எழுதினால் யாருக்கும் கேட்காது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

அன்புடன்
கார்முகில்


கறம்பக்குடி
27.7.2025

கார்முகில் அவர்களுக்கு,

நானே ரீசார்ஜ் பண்ணிக்கொண்டேன். போன் வேலை செய்கிறது. இருந்தாலும் எழுதத்தான் செய்கிறேன். கோபத்தில் பேசினால் எனக்கு வாய் நீளும். எழுதினால் உறையை ஒட்டுவதற்குள் கொஞ்சம் ஆறிவிடும். ஆறியதற்குப் பிறகே இவ்வளவு என்று படித்துக்கொள்ளுங்கள்.

அந்த நம்பர் அப்பா பேரில் இருக்கிறது என்பது எனக்கே நீங்கள் எழுதித்தான் தெரியும். அதை வாங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. காலேஜ் விட்டு வந்த சாயங்காலங்களில் உட்கார்ந்து, முதன்முதலில் ஒரு மயில் ரவிக்கை தைத்துக் கொடுத்த காசில் வாங்கினேன். அப்பாவோடு போனேன். கடைக்காரர் என் கையில் சிம்மைக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். ஏம்ப்பா என் பேர்ல போடல என்று இன்றைக்குக் கேட்டால், "பொம்பளப்புள்ள பேர்ல எதுக்குங்கன்னு கடைக்காரருதாம்மா சொன்னாரு, சரின்னுட்டேன்" என்கிறார். ஏழு வருஷமாக என் நம்பர், என் நம்பர் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

அதையாவது விட்டுவிடலாம், அவர் தெரியாத்தனமாகச் செய்தது. நீங்கள் இருவரும் எல்லாம் தெரிந்து, காபி குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அப்பா பேரிலிருந்து உங்கள் பேருக்கு மாற்ற அது என்ன நிலமா, மாடா? பக்கத்து அறையில்தானே இருந்தேன், எட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எனக்கு அழுகை வந்தது. அம்மா பார்க்கக் கூடாது என்று கிணற்றடியில் போய் முகம் கழுவினேன்.

அந்த நம்பர் என் பேருக்கு வர வேண்டும். இல்லையென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் புதிதாக வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஆவணிக் கல்யாணப் பெண்கள் கூப்பிடுவார்கள். கழுத்து எத்தனை இஞ்ச் இறக்கம், கை முட்டி வரையா, முதுகில் கிளியா மயிலா என்று நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜர்தோசி என்றால் என்ன என்று கேட்டால் தெரியாது என்று சொல்லாதீர்கள், என் பேர் கெட்டுப்போகும்.

ஆவணி பிறந்ததும் வர வேண்டும் என்றுதான் இருந்தேன். இப்போது தெரியவில்லை. அத்தைக்கு மட்டும் என் அன்பைச் சொல்லுங்கள்.

பிரகதீஸ்வரி


(அஞ்சலட்டை)

விராலிமலை
30.7.2025

பிரகதி,

எட்டு தரம் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கையில் இருந்தது இந்தக் கார்டுதான். குடும்பம் என்று ஆன பிறகு யார் பேரில் இருந்தால் என்ன? என் பேர், உன் பேர் என்று ஏன் பிரிக்கிறாய்? நூற்றுப் பத்து ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்த்தது தப்பா? மாமாவிடம் கேட்டுப் பார். இன்றைக்கு வேறு ஆளுக்குப் பதிலாக வேலைக்குப் போகிறேன், லீவு அடுத்த புதன். ஃபாரத்தை அன்றைக்குக் கொடுக்கப் போகிறேன்.

கார்முகில்


விராலிமலை
7.8.2025

அன்பு பிரகதிக்கு,

ஒரு வாரமாகப் பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. இதையாவது படி.

திங்கட்கிழமை அம்மா துணி அலசும்போது இடுப்பிலிருந்த போன் வாளிக்குள் விழுந்துவிட்டது. போனைக் காயவைத்து எடுத்தாயிற்று, சிம் மட்டும் செத்துப்போனது. கேஸ் சிலிண்டர் பதிவு, ரேஷன் மெசேஜ், சித்தப்பா பெண் வீட்டு அரட்டை எல்லாம் அதில்தான். நேற்றுப் புதன்கிழமை நான் ஃபாரத்தோடு புதுக்கோட்டை போகும்போது அம்மாவையும் கூட்டிப்போனேன். அம்மா சிம்மும் அதே கம்பெனிதான், ஒரே நடையில் இரண்டு வேலை முடியுமே என்று எனக்குச் சந்தோஷம்.

கவுண்டரில் ஷர்லி என்று ஒரு பெண் இருந்தது. அம்மா நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வெள்ளைச்சாமிங்கிறவர் பேர்ல இருக்கும்மா. அவரை நேர்ல வரச் சொல்லுங்க" என்றது. அப்பா பேரைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அம்மாதான் பதில் சொன்னாள்:

"அவரு போயி மூணு வருஷமாச்சுத்தா. கூப்பிட்டா வருவாருன்னா நான் சிம்முக்கா கூப்பிடுவேன்?"

அந்தப் பெண் எழுந்து வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டது. இறப்புச் சான்றிதழ் வேண்டும், வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அதன் பிறகு அம்மா பேருக்கு மாற்றலாம் என்று பொறுமையாகச் சொன்னது. அம்மா பெஞ்சில் போய் உட்கார்ந்து என்னிடம், "பத்து வருஷமா என் நம்பரு என் நம்பருன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்டா" என்றாள். நீ எழுதிய அதே வார்த்தை. உன் கடிதத்தை அவள் படிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போது என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டபோது ஃபாரத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு காபி கடைக்குப் போய்விட்டேன்.

பிரகதி, நான் செய்தது தப்பு. நூற்றுப் பத்து ரூபாயைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. பக்கத்து அறையில் இருந்த உன்னைக் கேட்காதது தப்பு. அதற்குப் பிறகு அந்தக் கார்டை எழுதியது அதைவிடத் தப்பு.

மாமா கையெழுத்துப் போட்ட பழைய ஃபாரத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். நீயே எண்ணிப் பார், நாலு துண்டு. கூடவே புது ஃபாரம் ஒன்று, என் கையெழுத்தோடு. உன் நம்பரை உன் பேருக்கு மாற்றி அதையே மெயின் நம்பராகப் போடு. என் நம்பரை உன் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் உன் பில்லில் இரண்டாவது ஆளாக இருந்துகொள்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ ஆவணிக்கு வந்தால் போதும்.

தூக்கம் வரவில்லை என்று இப்போது எழுதவே பயமாக இருக்கிறது. ஆனாலும் வரவில்லை.

உன்
கார்முகில்


கறம்பக்குடி
12.8.2025

என் அன்புள்ள கார்முகில் அவர்களுக்கு,

துண்டுகளை எண்ணினேன். ஐந்து இருக்கிறது. கோபத்தில் ஒன்று கூடுதலாகக் கிழித்திருக்கிறீர்கள் போல.

முதலில் ஒரு சண்டையைத் தீர்த்துக்கொள்கிறேன். யாராவது பெண்டாட்டியோடு தகராறு பண்ண அஞ்சலட்டையில் எழுதுவார்களா? தபால்கார ரெங்கசாமி அண்ணன் அதை வாசலில் நின்று முழுசாகப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். "தம்பி பேசுறது நியாயமில்லம்மா, நீ விடாதே" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அத்தை கேட்டதை இரண்டு தரம் படித்தேன். அந்த இடத்தை மட்டும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் ஆதார் அட்டையை எடுத்து வந்து, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நாளாங்கழிச்சு முத பஸ்ஸுக்குப் போயிருவோம்" என்றார். நேற்றுப் போனோம்.

கவுண்டரில் அதே ஷர்லிதான். ஊர் பேரெல்லாம் கேட்டு, கட்டிக்கொடுத்த ஊர் விராலிமலை என்று தெரிந்ததும், "போன வாரம் ஒருத்தர் டோக்கன் கூப்பிடக் கூப்பிட ஃபாரத்தை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போனாரே, அவரு வீடாக்கா?" என்று கேட்டது. அவரு வீடேதான் என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. அப்பா ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது மெசேஜ் வந்தது. 'அன்புள்ள பிரகதீஸ்வரி' என்று ஆரம்பிக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சொல்லி, என்னையே சத்தமாகப் படிக்கச் சொன்னார். பஸ்ஸில் பாதிப் பேர் கேட்டார்கள்.

இனி பிளான். நீங்கள் பெரிய கணக்குப் புலி, ஆனால் அந்தத் தம்பதி பிளானுக்கு வரி தனி என்பதை நாலு கடையில் ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லை. சேர்த்துப் பார்த்தால் அறுநூற்றுத் தொண்ணூற்றாறு. மாதம் நாலு ரூபாய் மிச்சம். நாலு ரூபாய்க்கா ஐயா நாம் இத்தனை கடிதம் எழுதினோம்? தபால்தலைக்கே அதற்கு மேல் ஆகிவிட்டது.

நான் ஷர்லியோடு உட்கார்ந்து வேறு வழி பார்த்துவிட்டேன். உங்களுக்கு எதற்கு நெட்? பகல் முழுக்கக் கம்பெனி கேட்டில் லாக்கருக்குள் உங்கள் போன் தூங்குகிறது. உங்களுக்குப் பேச மட்டும் ஒரு பிளான் இருக்கிறது, மாதம் நூற்றைம்பது சொச்சம். நான் ரவிக்கை போட்டோ அனுப்ப வேண்டும், எனக்கு நெட்டோடு முந்நூற்று ஐம்பது. மொத்தம் ஐந்நூறு. நிஜமாகவே இருநூறு மிச்சம். அவரவர் நம்பர் அவரவர் பேரில் இருக்கும்.

நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஃபாரத்தை நான் கொடுக்கவில்லை. உங்கள் நம்பர் உங்கள் பேரிலேயே இருக்கட்டும். அதை எழுதிக் கொடுத்தீர்களே, அது போதும் எனக்கு. ஆனால் ஃபாரத்தைத் திருப்பித் தர மாட்டேன். ஆரி ஊசிப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. வாலாட்டினால் எடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆவணி முதல் தேதி. அத்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மாமாவின் சான்றிதழ்களை மறக்காமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை திரும்பும் வழியில் புதுக்கோட்டையில் இறங்கி, அத்தை நம்பரை அத்தை பேருக்கு மாற்றிவிட்டுத்தான் விராலிமலை பஸ் ஏறுவோம். நாலு ரவிக்கை ஆர்டர் வந்திருக்கிறது, அதனால் என் சாமான் இரண்டு பெட்டி கூடும்.

அப்புறம், உங்களுக்கு நெட் வேண்டுமென்றால் சாயங்காலம் என் ஹாட்ஸ்பாட்டில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். பாஸ்வேர்டு வைத்துவிட்டேன். இதில் எழுத மாட்டேன், ரெங்கசாமி அண்ணன் உறைக்கு வெளியே இருந்தே படித்துவிடுவார். வந்து காதில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கும் தூக்கம் வரவில்லை.

உங்கள்
பிரகதீஸ்வரி