தீட்டு என்று நாங்கள் நினைத்த இரத்தம்

என் சாமி செல்விக்கு,

நேற்று உன் தங்கை பூங்கொடியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ போன பிறகு இரண்டு வருஷம் மாரியம்மன் நோன்பிக்கு நான் காப்புக் கட்டவில்லை. இந்த வருஷம் உன் பெரியப்பா விடவில்லை, கட்டினேன். பூங்கொடியும் புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். மறுநாள் காலை உன் அம்மா அவளுக்குப் பின்னறையில் பாய் போட்டாள். தீட்டு. காப்புக் கட்டிய வீட்டில் அதுதானே வழக்கம்? மூன்று வருஷத்துக்கு முன் நீயும் இப்படி நோன்பிக்குப் புருஷன் வீட்டிலிருந்து வந்தபோது, உனக்கும் அந்த அறையில்தானே போட்டோம்?

அன்றைக்கு நான் வாசற்படிக்கு வெளியே நின்று உன்னிடம் பேசினேன். "வயிறும் நோவுது, தோள்பட்டையும் நோவுதுங்கப்பா" என்றாய். "வெறும் தரையில படுத்தா நோவாம என்ன பண்ணும் சாமி" என்றேன். காப்புக் கட்டிய கையோடு உள்ளே வரக்கூடாது என்று திரும்பிப் போனேன். மத்தியானம் உன் அம்மா சோறு கொண்டு வந்தபோது நீ வெளுத்துக் கிடந்தாய். சேலம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மன் கோபம் என்றார்கள். நீ வண்டி ஓட்டியதால், குடம் தூக்கியதால் என்றார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். போர்வெல் வண்டியில் மெக்கானிக்காக இருந்தபோது ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிக் கற்றவன். பிரேதப் பரிசோதனைத் தாளை அகராதியோடு உட்கார்ந்து ஒரு மாதம் படித்தேன். நீ உண்டாகியிருந்திருக்கிறாய்; கரு கர்ப்பப்பைக்கு வந்து சேரவில்லை. வழியில், கருக்குழாயிலேயே ஒட்டி வளர்ந்திருக்கிறது. குழாய் எவ்வளவு தாங்கும்? வெடித்துவிட்டது. தீட்டு என்று நாங்கள் நினைத்த இரத்தம் வெளியே கொஞ்சம்தான் பட்டது. மீதியெல்லாம் வயிற்றுக்குள். உள்ளே தேங்கும் இரத்தம் மூச்சுத் தசையை உறுத்தினால், வலி தோளில் தெரியுமாம். நான் தரையைக் குற்றம் சொன்னேன்.

அதனால் இந்த முறை பூங்கொடியிடம் கேட்டேன்.

"எங்க வலிக்குதும்மா?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. அம்மா பாத்துக்குவாங்க, நீங்க போங்க."

"நாள் தள்ளிப் போயிருந்துச்சா?"

அப்பன் மகளிடம் கேட்கிற கேள்வியா? அவள் சுவரைப் பார்த்துக்கொண்டாள். "பத்து நாளுங்க. இடது பக்கமா லேசா வலிக்குது."

உள்ளே போனேன். முற்றத்திலிருந்து உன் பெரியப்பா கத்தினார். "ஏன்டா, காப்புக் கையோட எங்கடா போற? பொம்பளைங்க சங்கதில உனக்கென்ன சோலி? பெரிய டாக்டரு இவன்."

"டாக்டரில்லீங்கண்ணா. செல்விக்கு அப்பன்."

"அம்மன் கோவிச்சுக்கும்டா."

"எம்மேல கோவிச்சுக்கட்டுங்க."

அவளைக் காரில் ஏற்றிச் சேலம் கிளம்பினோம். அவள் முகம் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தது. உன் அம்மா சந்தோஷப்பட்டாள். கரு எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன் நான்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா வெளியே வந்தார். "கர்ப்பப்பை காலியா இருக்குங்கய்யா. கரு இடது குழாய்ல தங்கியிருக்கு. இன்னும் வெடிக்கல. நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க."

இரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு குறைவு, கருவில் துடிப்பு இல்லை, அதனால் ஊசி போதும் என்றார். அது கருவின் வளர்ச்சியை நிறுத்துமாம். வெடித்திருந்தால் உடனே ஆபரேஷன்தான்.

"எதனாலங்க இப்படி?" என்றேன்.

"முன்னாடி கிருமித் தொற்று வந்து குழாய்ல தழும்பு இருக்கலாம். அங்க ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் வரலாம். நெறையப் பேருக்குக் காரணமே தெரியாதுங்க. அவங்க செஞ்ச தப்பு எதுவுமில்ல."

இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. உன் பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஆனால் இன்னும் முடியவில்லை, சாமி. நாலாம் நாள் ஒரு இரத்தப் பரிசோதனை, ஏழாம் நாள் ஒன்று. அதற்குள் அந்த ஹார்மோன் அளவு குறையாவிட்டால் மறுபடி ஊசி, இல்லையென்றால் ஆபரேஷன். அதுவரை குழாய் வெடிக்காது என்று யாரும் உறுதி தரவில்லை. அவள் இருமினால்கூட எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

இன்று காலை கேட்டாள். "அக்காவுக்கும் இதுதானுங்களாப்பா?"

"ஆமா சாமி. நான் உள்ள போய்ப் பாத்திருக்கணும்." யாரிடமும் நான் இதுவரை சொன்னதில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். அந்த அளவு ஒன்றுமில்லாமல் போகும்வரை, எத்தனை வாரமானாலும், உன் தங்கையை நானே கூட்டிப் போவேன். நாள் தள்ளி வயிறு வலிக்கிறது என்று இந்த ஊரில் எந்தப் பெண் சொன்னாலும், கூச்சமில்லாமல் நான் போய்க் கேட்பேன்.

உன் பக்கத்தில் வராமல் போன
உன் அப்பன்