விழாவுக்கு வரவும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. அங்கே நீ, மாப்பிள்ளை, சின்னவள் மூன்று பேரும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. உன் அறையில் இருந்த தையல் மெஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்ல எங்கள் மாதர் சங்கத்துக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆதரவற்ற பெண்களுக்கு நிதி திரட்டும் தேநீர் விருந்து போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்தது. எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும் என்று முடிவாகி, அது இளநீலமா வெளிர்பச்சையா என்பதற்கே மூன்று கூட்டம் போனது. உதவி யாருக்கு என்பது நாலாவது கூட்டத்தில் பத்தே நிமிடத்தில் முடிந்தது. வந்த மனுக்களில் ஒன்றை நான்தான் வாசித்தேன். புருஷன் விட்டுப் போய்விட்டான், இரண்டு பெண் பிள்ளைகள், தையல் தெரியும், மெஷின் வாங்க வழியில்லை. வாசித்து முடித்ததும் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார், எல்லோரும் கை தூக்கினோம். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது, மேடையில் திடீரென்று பேரைச் சொன்னால்தான் அழுகை நன்றாக வரும், போட்டோவுக்கும் நல்லது என்று தலைவி சொன்னதால், ‘விழாவுக்கு வரவும்’ என்று மட்டும் ஒரு அட்டை அனுப்பினோம்.

அன்றைக்குத் தலைவி முக்கால் மணி நேரம் பெண்களின் கண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டு அந்தப் பேரைச் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்று தரம் கூப்பிட்டார். முன்வரிசையில் இருந்த நானும் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினேன். நாம குடுக்க நினைச்சாலும் இவங்களுக்கு வந்து வாங்கிக்கத் தெரியலையே என்று தலைவி மைக்கிலேயே அலுத்துக்கொண்டு, அவளுக்காகச் சங்கம் வாங்கி வைத்திருந்த புது மெஷினைக் குலுக்கல் பரிசில் சேர்த்துவிட்டார். அது அவருடைய நாத்தனாருக்கே விழுந்தது. அந்த அம்மாளுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது, வராந்தாவில் போட்டு அதன்மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறாராம்.

கோப்பை போதவில்லை என்று நான் சமையலறைக்குப் போனேன். அங்கே பாத்திரம் கழுவுகிறவள் தொட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாகச் சங்கத்து விழா எல்லாவற்றுக்கும் அவள்தான், பாத்திரக்காரம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஜன்னல் விளிம்பில், ஈரம் படாத இடமாகப் பார்த்து எங்கள் அட்டையை வைத்திருந்தாள். இது உன்கிட்ட எப்படி என்று கேட்டேன். நீங்கதானேம்மா அனுப்பினீங்க, எப்பவும் வாட்ச்மேன்கிட்ட சொல்லி விடுவீங்க, இந்தத் தடவை மரியாதையா அட்டை போட்டு வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு பிள்ளைங்ககிட்டகூடக் காட்டினேன் என்றாள். மைக்கில் கூப்பிட்டது கேட்கவில்லையா என்றால், குழாய்ச் சத்தத்துல என்னம்மா கேக்கும் என்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவள் பேர் என்ன என்று கேட்க மூன்று வருஷத்தில் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

தலைவியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். குலுக்கல் முடிந்தது முடிந்ததுதான், அடுத்த வருஷம் மனுப் போடட்டும் என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புலம்பினேன். உன் மகள் அந்த மெஷினை மிதிச்சதைவிட அதுமேல துணி குவிச்சதுதான் அதிகம், குடுத்துடு என்றார். மறுநாளே வண்டி பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அழவில்லை. குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, பெல்ட் தளர்ந்திருக்கு, மாத்திக்கிறேன் என்றாள். நான்தான் அழுதேன், நல்லவேளையாகப் போட்டோ எடுக்க ஆள் இல்லை.

சின்னவளின் அளவை மறக்காமல் எழுதி அனுப்பு, இரண்டு கவுன் மெஷின் வாங்கிக்கொண்டவளிடமே தைக்கக் கொடுக்கிறேன். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. மூவரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து வாழ வேண்டும். இப்போதெல்லாம் தெருவில் பார்த்தால் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா