ஐந்து லிட்டருக்கு இருநூறு மில்லி

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். அவளுக்கு முட்டிவலி வழக்கம்போல, எனக்கு வாய்க்கொழுப்பு வழக்கம்போல. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அச்சகத்தில் தினமும் ஓவர்டைம் என்று எழுதியிருந்தாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. படகு மோட்டாருக்குப் பெட்ரோலும் ஆயிலும் எந்த அளவில் கலப்பது என்று நான் கேட்டிருந்ததற்குப் பதில் எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் அந்தத் தம்பி உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார் என்றும், "நீங்க வேணாம்னா வேணாம் மாமா" என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். சுலபமானதை முதலில் முடிப்போம் என்று மோட்டாரைக் கையில் எடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே, பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உன்னைக் கட்டிய நம் பிள்ளை காய்ச்சலில் போனதிலிருந்து அவனுடைய மோட்டார் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. துருப்பிடித்துவிடும், ஓட்டி வைக்கிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். உன்னிடம் பொய் எதற்கு? அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்கவேண்டும் போலிருந்தது.

நான் தையல்காரன். எனக்குத் தெரிந்த மிஷினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தால் முடிந்தது. பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்துக் குடிக்கிற மிஷினுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அளவு போட்டிருந்த தகடு என்றோ தேய்ந்துபோய்விட்டது. மோட்டார் கடைக்காரரிடம் கேட்டால், "அம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் போடுங்க, இப்ப எல்லாரும் அதான் போடறாங்க" என்றார். போட்டேன். ஏரி நடுவில் கை வைக்க முடியாத சூட்டில் நின்றுவிட்டது. துடுப்புப் போட்டுக் கரை சேர்வதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆயில் குறைவுதான் காரணம் என்று அடுத்த முறை தாராளமாக ஊற்றினேன். கரையெல்லாம் புகை. ரிட்டயர் ஆன போஸ்ட்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "என்னண்ணே, கொசு மருந்தா அடிக்கறீங்க?" என்று கேட்டார். பிளக் கரிபிடித்து அதுவும் அணைந்தது. அதற்கப்புறம்தான் வெட்கத்தை விட்டு உனக்கு எழுதினேன். அவனுக்குக் கலந்து கொடுத்ததெல்லாம் நீதானே.

ஐந்து லிட்டருக்கு இருநூறு மில்லி. முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில் முழுவதும், மூடிக் குலுக்கிவிட்டு மீதிப் பெட்ரோல். பழைய மோட்டாருக்கு அவ்வளவு வேண்டும், கடைக்காரர் சொல்வது புது மோட்டாருக்கு என்று எழுதியிருந்தாய். அப்படியே செய்தேன். கயிற்றை இழுத்ததும் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் நீலப் புகை வந்து, அதுவும் நின்றது. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினேன். அதே சத்தம், அம்மா. நடுநடுவே ஒரு விக்கல் வருமே, அதுகூட இருந்தது. கண் மறைத்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் குளியலறையில் அண்டா நிறைய வெந்நீர், கதவில் துண்டு. அவன் மோட்டார் ஏரியில் திரும்பும் சத்தம் கேட்டதுமே அத்தை அடுப்பில் வெந்நீர் போடுவாளே, உனக்குத் தெரியும். முன்பு நான் ஓட்டியபோதெல்லாம் சத்தம் வேறாக இருந்தது, அவள் அசையவில்லை. இந்தத் தடவை கை தானாகச் செய்துவிட்டது. வாசலில் நான் மட்டும் நிற்பதைப் பார்த்ததும்தான் அவளுக்கு நினைப்பு வந்தது. பிறகு, "நீங்களாவது குளிங்க, ஆறிடும்" என்றாள். குளித்தேன்.

அன்றைக்குத்தான் உன் கடிதத்தை அவளுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். அதுவரை கலவை வரைக்கும்தான் சொல்லியிருந்தேன். அந்தத் தம்பி குடிப்பாரா என்று கேட்டாள். அவருடைய அம்மாவுக்கு வாய் நீளமா என்று கேட்டாள். உன்னைவிடவா என்றேன், சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து, "சத்தம் கேட்டு நான் வெந்நீர் போட்டாச்சு. அந்தப் பொண்ணும் எதுக்குப் போட்டுட்டு உக்காந்திருக்கணும்? கட்டிக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே, கட்டிக்கொள். எனக்கும் பூரண சம்மதம். சந்தோஷத்தோடுதான் எழுதுகிறேன் என்றால் நீ நம்பமாட்டாய். சந்தோஷமும் இருக்கிறது, துக்கமும் இருக்கிறது. மோட்டாரிலிருந்த பெட்ரோலை வடித்துவிட்டேன். இந்த ஏரியில் ஓட்டாத ஆளாகப் பார்த்துக் கொடுத்துவிடச் சொல்லி மோட்டார் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

கல்யாணம் என்றைக்கு, எங்கே என்று மட்டும் எங்களுக்கு எழுதாதே. எழுதினால் அத்தை கிளம்பிவிடுவாள், பின்னாலேயே நானும் வருவேன். அங்கே வந்தவர்கள், "இவங்க யாரு?" என்று கேட்டால் நீ என்ன சொல்வாய், பாவம். எல்லாம் முடிந்த பிறகு, அவருக்கும் சம்மதமானால், இருவரும் ஒருமுறை இங்கே வந்துவிட்டுப் போங்கள். நீங்கள் யார் என்று இங்கே யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று உன் அத்தை முடிவு செய்து வைத்திருக்கிறாள்: எங்கள் பெண்ணும் மாப்பிள்ளையும்.

குறையொன்றும் இல்லாமல் நீடூழி வாழ, இங்கிருந்தே தலைதொட்டு ஆசீர்வதிக்கும்

உன் மாமா