மெஷினின் கண்ணில் சந்தனம்

4 ஒக்டோபர், சனி

வெயில். பின்னேரம் இடி மட்டும், மழை இல்லை.

நடந்த அநியாயம் இது: வாணிவிழா பூசையன்று, காற்றைச் சுத்தமாக்கும் மெஷினின் கண்ணில் தங்கச்சி செல்வராணி சந்தனப் பொட்டு வைத்தாள். அதற்கு மேல் குங்குமம். பக்கவாட்டில் உள்ள சின்னத் துளைதான் கண். தூசைப் பார்ப்பது அதுதான். அது அடைபட்டதும் சிவப்பு விளக்கு. நிறுத்தாமல் அலறல்.

கேட்டேன். "தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் வைக்கிறம். இது மட்டும் என்ன, பொட்டு வைக்காத வேதக்கார மெஷினோ?" என்றாள்.

"படிச்சுப் பார்க்காத ஆக்கள் தொடக் கூடாது."

"அப்ப நீங்களும் மெஷினுமா இருங்கோ, அண்ணை."

பையை எடுத்துக்கொண்டு பாலையூற்றுக்கு, தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்.

மன்னிப்பு அவள்தான் கேட்க வேண்டும்.

5, ஞாயிறு

மெஷின் திறப்பு. விளக்கப் புத்தகம் முழுக்க இங்கிலிஷ். அகராதி வைத்து எப்போதோ படித்து முடித்தது. பஞ்சுக் குச்சியை நனைத்து, சந்தனத்தை ஊறவைத்து, மெல்ல. பிறகு காய்ந்த குச்சி. முன்வலைக்குத் தூரிகை. உள் வடிகட்டியில் தண்ணீர் படக் கூடாது. வெள்ளிக்குவெள்ளி சாம்பிராணி குடித்து மஞ்சளாகிவிட்டது, இனி உதவாது. புதியது டவுனில் இல்லை. கொழும்புக்குச் சொல்லியாயிற்று.

உப்பு முடிந்தது. வாங்க.

7, செவ்வாய்

துறைமுகப் பக்கக் காற்று. ஜன்னல்கள் பூட்டு.

வாசல் படலையில் மீன்காரன். "என்ன ஐயா, இண்டைக்கும் வேண்டாமோ? அக்கா இல்லாட்டிக் குசினிக்கும் விரதமோ?"

"உன்ர வியாபாரத்தைப் பார்."

சிரித்துக்கொண்டே போனான். மத்தியானம் பாணும் வாழைப்பழமும்.

மெஷினில் பச்சை விளக்கு. காலையும் பச்சை, மாலையும் பச்சை. சாம்பிராணி இல்லை, மிளகாய் தாளிப்பு இல்லை, அவளுடைய பவுடர் இல்லை. அதற்கு வேலையே இல்லை. எனக்கு ஒரு தும்மலும் கிடையாது. தும்மல் அவளுக்குத்தான், மெஷின் வாங்கியதும் அதற்குத்தான்.

8, புதன்

மருமகள் சுகந்தி, செல்வராணியின் மகள், போன் எடுத்தாள். "மாமா, எங்கட வீட்டுக்குப் பக்கத்தில தச்சுப்பட்டறை. மரத்தூள். அம்மாவுக்கு விடிய விடியத் தும்மல், இப்ப மூச்சிழுப்பும் வந்திட்டுது. நீங்கள் கூப்பிட்டால் வருவாவாம்."

பின்னால் செல்வராணியின் குரல்: "நான் அப்பிடிச் சொல்லேல்லை! கூப்பிடாட்டி வரமாட்டன் எண்டுதான் சொன்னனான்." உடனே தும்மல். அதற்கு மேல் தும்மல்.

"கூப்பிட ஏலாது. போனது ஆர்?" என்றேன். அவர்களே வைத்துவிட்டார்கள்.

போனும் கையுமாகக் கதிரையில். கன நேரம். தேத்தண்ணீர் ஆறிவிட்டது.

10, வெள்ளி

மழை. வடிகட்டி வந்தது. பொலித்தீன் உறையைக் கழற்றிவிட்டுத்தான் பொருத்த வேண்டும். பொருத்தியாயிற்று.

இனிச் செய்ய வேண்டியவை.

செல்வராணி: பொட்டு மூடியின் மேல் மட்டும். சாம்பிராணி காட்டும்போது மெஷினை நிறுத்தி, ஜன்னலைத் திறக்க வேண்டும். மன்னிப்பு, வந்து ஆறுதலாகக் கேட்கலாம்.

சுகந்தி: ஞாயிறு காலை அம்மாவை ஓட்டோவில் ஏற்றிவிட வேண்டும். வடிகட்டி புதிது என்று மட்டும் சொல்ல வேண்டும். மாமா கூப்பிட்டார் என்று வாய் திறக்கக் கூடாது.

நான்: அவளுடைய மெத்தை விரிப்பு, தலையணை உறை, சுடுதண்ணீரில். மெஷினை ஹோலிலிருந்து அவளுடைய அறைக்கு, சுவரை விட்டுத் தள்ளி. சுகந்திக்கு இன்றே போன் எடுக்க வேண்டும்.