கேட்காமல் எடுத்த வண்டி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம் என்று வேண்டுமானால் எழுதலாம். நீ போனில் கேட்கும்போதெல்லாம் எல்லாம் சரியாகிவிடும் என்று உன் அப்பா மழுப்பினாரே, ஒன்றும் சரியாகவில்லை, சரியாகப் போவதாகவும் எனக்குத் தோன்றவில்லை. வேறு யாராவது அரைகுறையாக உன் காதில் போடுவதற்குள் நானே முழுசாக எழுதிவிடுகிறேன்.

மாடியில் இருக்கும் சித்தப்பா நம் காரை எடுத்துப்போய்த் தெரு முனையில் சலவைக் கடைக்காரர்மேல் இடித்துவிட்டார் என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மெஷின் ரிப்பேராகி, அதைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அது பாட்டுக்கு ஜன்னலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, இவர் ரிவர்ஸ் எடுக்க, பின்னால் குனிந்து ஷட்டருக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்த மனுஷர் கண்ணில் படவே இல்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவன் என்று தன்னையே கேலி செய்துகொள்ளப் பார்த்தார் உன் சித்தப்பா, பாதியிலேயே எழுந்து மாடிக்குப் போய்விட்டார். கடைக்காரருக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிப் போயிற்று, இனி அந்தக் கையால் இஸ்திரிப் பெட்டி தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் தங்கமான மனுஷர், ஒரு வார்த்தை திட்டவில்லை, ஆனால் தங்கமான மனுஷருக்கும் கை வேண்டுமே.

இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே, அவருக்குச் சேர வேண்டியதை அவர்கள் கொடுத்துவிடுவார்கள் என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். விசாரிக்க ஒருவர் வீட்டுக்கு வந்தார், நல்ல பையன், டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டான். லைசென்ஸ் இருக்கிறதா என்றான், இருக்கிறது. வண்டி யார் பெயரில் என்றான், அப்பா பெயரில். கடைசியாக, எடுப்பதற்கு முன் உங்கள் தம்பி உங்களிடம் கேட்டாரா என்றான். அவ்வளவுதான், உன் அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "என் தம்பி என்கிட்ட எதுக்குங்க கேக்கணும்? இந்த வீட்ல அவன் எதையும் கேட்டு எடுத்ததே இல்ல" என்றார். அந்தப் பையன் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்காவது எடுத்துக்கோ என்று சொல்லியிருப்பீர்களே சார் என்று எடுத்துக்கொடுத்தான். இவர் பிடித்த பிடியை விடவில்லை, நான் சொல்லவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை என்று மார்தட்டிக் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது, இரண்டு பேரும் சேர்ந்து ஏமாந்தோம்.

சொந்தக்காரர் சம்மதத்தோடு யார் ஓட்டினாலும் இன்சூரன்ஸ் உண்டாம், சம்மதம் இல்லாமல் எடுத்தால் கிடையாதாம். நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதனால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். உன் அப்பா அடித்துப்பிடித்து ஆபீசுக்கு ஓடினார். சம்மதம் இல்லாமல் இல்லைம்மா, எங்கள் வீட்டில் அதைக் கேட்கும் வழக்கம்தான் இல்லை என்று அங்கிருந்த பெண்ணிடம் விளக்கியிருக்கிறார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்போது மாற்றிச் சொன்னால் முதலில் சொன்னது பொய்யாகும், அதற்கு வேறு வம்பு வரும், வேண்டுமானால் தம்பி வண்டியைத் திருடிவிட்டதாகப் போலீசில் புகார் கொடுங்கள், வண்டிக்கு ஆன சேதத்தையாவது பார்க்கலாம் என்றாளாம். அவர்களுடைய மேலதிகாரிகளுக்கு எழுதிப்பார்த்தோம், அங்கேயும் அதே பதில். வக்கீலோ கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரி செலவும் கடைக்காரர் பிழைப்பும் இப்போது சித்தப்பா தலையில். தங்கள் பங்கான மாடியை விற்பதற்குப் பேசி முடித்துவிட்டார்கள், மாதக் கடைசியில் காலி செய்கிறார்கள். எங்கே போவார்கள் என்று சித்தியிடம் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அதற்கு முன்னால் ஒருநாள் சித்தப்பாவே கீழே இறங்கி வந்தார். "அண்ணே, நான் திருடிட்டுப் போனேன்னே எழுதிக் குடுத்துடு. உன் வண்டியாவது தேறட்டும்" என்றார். உன் அப்பா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார், நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றோம். அழுதாரா என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, ஷேவ் செய்துகொள்ளச் சொன்னாலும் எரிந்து விழுகிறார். நீ வந்து பேசினால் தீரும் என்று கிளம்பிவிடாதே, தீர்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை, லீவை வீணாக்காதே.

உன் கூடத் தங்கியிருக்கும் பெண் உன் காரை எடுத்துப்போவாள் என்று சொன்னாயே, உன் இன்சூரன்ஸ் காகிதத்தில் யார் யார் ஓட்டலாம் என்று போட்டிருக்கிறது என்று பார். அவள் கேட்காவிட்டாலும் நீயாக வாயைத் திறந்து எடுத்துக்கோ என்று சொல்லிவிடு. இதைச் சொல்லிக்கொடுக்கும் நிலைமை எனக்கு வந்ததே என்று வெட்கமாக இருக்கிறது. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

நான் உனக்கு எழுதினால் சித்தப்பா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, அடியில் ஏதாவது கிறுக்காமல் விடமாட்டார் அல்லவா? சற்று முன் வாசல்படிக்கு அந்தப் பக்கமே நின்று, "நானும் ரெண்டு வரி எழுதலாமா அண்ணி?" என்று கேட்டார். உள்ளே வந்து எழுதுங்கள் என்றேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். நானும் அடியில் இடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன், இன்னும் வரவில்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, அந்த இடத்தை அப்படியே விட்டு அனுப்புகிறேன்.

உன் அம்மா