துளை போடாத துவக்கு

பக்கத்து வீட்டுக்காரர் இன்று தோட்டத்தில் இருக்கிற மர வாங்கிலுக்கு எண்ணெய் பூசினார். ஆளிவிதை எண்ணெய், நீங்கள் மரத்துக்குப் பூசிற அதே எண்ணெய். உடுப்புக் காயப்போடப் போன நான் வாளியைப் புல்லில் வைத்துவிட்டு அப்படியே நின்றேன். நீங்கள் போய் மூன்று வருடமாக இந்த மணம் வீட்டுப் பக்கம் வரவில்லை என்பது அது வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களைத் திட்டினவள் நான். இன்று வேலியோரம் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட, அந்த மனிசன் பயந்துபோய், ஏதும் சுகமில்லையோ என்று கேட்டார். சுகம்தான் என்றேன். உள்ளே வந்து அக்காவுக்கு போன் எடுத்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலில் இருந்து தொடங்கினால்தான் எனக்கு எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் சண்டை நின்றிருந்த காலம் அது. இங்கே லண்டன் ஹவுன்ஸ்லோவில் மற்ற ஆம்பிளைகள் சீட்டு விளையாடினார்கள், கோயில் கமிட்டியில் ஒருத்தரோடொருத்தர் அடிபட்டார்கள். நீங்கள் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிற வேலை முடிந்து வந்தால் லைப்ரரிப் புத்தகத்தோடு ஒரு மூலையில் இருப்பீர்கள். பாவம், ஒரு தொந்தரவும் இல்லாத மனிசன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழஞ்சாமான் சந்தையில் கையளவு கறள் பிடித்த இரும்பொன்றை வாங்கி வந்து, என்னுடைய ஐஸ்கிரீம் டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி அதை ஊறப்போட்டீர்கள். மணிக்கூட்டுச் சாமான் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அதன் வாயில் ஒரு கல்லைச் செருகி, விசையை இழுத்து விட்டீர்கள். குசினி மேசையில் பொறி பறந்தது.

"என்னப்பா இது?"

"சக்கிமுக்கிக் கல்லாலை வெடிக்கிற பழைய காலத்துத் துவக்கு இருக்கெல்லோ, அதின்ரை பூட்டு. மிச்சத்தை நான் செய்யப்போறன்." கோப்பை வென்ற பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

"துவக்கோ? நூறு துவக்குக்குத் தப்பி லண்டனுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை பாத்துத் துவக்கு வாங்கின மனிசனை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்! அது என்ரை வீட்டுக்குள்ளை இருக்கக்கூடாது. அதோடை நீங்களும்தான்."

தோட்டத்துக் கொட்டிலுக்குக் குடிபோனது அப்படித்தான். அங்கே தொட்ட கையோடு உள்ளே வரக்கூடாது என்று இன்னொரு சட்டமும் போட்டேன். செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி வெளிப் பைப்பில் கைகால் கழுவின பிறகுதான் வாசல்படி. தை மாதக் குளிரில் கால் விறைக்க விறைக்கக் கழுவினீர்கள். ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேனோ என்னவோ.

இரண்டரை வருடம் செய்தீர்கள். வால்நட் மரக்கட்டையில் துவக்குக் குழல் இருக்கிறதுக்குப் பள்ளம் தோண்டினதை யன்னலால் பார்த்திருக்கிறேன். குழலுக்கு விளக்குக் கரி பூசி, மரத்தில் வைத்து அமத்தி எடுப்பீர்கள். கரி ஒட்டின இடத்தில் மட்டும் உளியால் ஒரு துளி சுரண்டுவீர்கள். திரும்பக் கரி, திரும்ப அமத்தல். எங்கும் ஒரேயளவாகக் கரி பிடிக்கும் வரை விடமாட்டீர்கள். அந்தக் கரியை முதலில் என் சாமி விளக்கில் பிடித்து எடுத்து, நான் போட்ட கூச்சலில் மண்ணெண்ணெய் விளக்கு வாங்கின ஆள்தானே நீங்கள்! சுடுகிற துவக்கு செய்யிற எண்ணம் உங்களுக்கு இருக்கவில்லை. வெடிமருந்துக்குத் தீ போகிற துளையைக் குழலில் போடவே இல்லை. "துளை போட்டா லைசென்ஸ் எடுக்கவேணும். போடாட்டி இது வடிவான ஒரு தடி," என்றீர்கள். எனக்குத் தடியும் பிடிக்கவில்லை.

ஏன் என்று இப்போது எழுதுகிறேன். என் தம்பியை வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவன் திரும்பவில்லை என்பது மட்டும்தான் கலியாணம் பேசும்போது உங்களுக்குச் சொன்னது. தாங்களாகவே உள்ளுக்கு வந்து தேடிப் பிடித்தார்கள் என்று அக்காவுக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். அது பொய். கதவைத் திறந்தது நான். துவக்கோடு மூன்று பேர். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இன்றைக்கும் தெரியாது. "தம்பி நிக்கிறானோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். "ஓம், உள்ளை நிக்கிறான்," என்றேன். எனக்குப் பத்தொன்பது வயது. ஒருவர் கேட்டால் பதில் சொல்லித்தான் பழக்கம். அம்மா அதைத் தெரியாமலே கண்ணை மூடினா.

பிறகு அந்தச் சனிக்கிழமை. காலையில் நீங்கள் துவக்கைக் கொட்டில் வாசலில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, நேராக இருக்கிறதோ என்று பார்த்திருக்கிறீர்கள். பின்வளவுக்காரர் யாரோ அதைக் கண்டு பொலிசுக்கு போன் அடித்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. கதவு தட்டுப்பட்டது, திறந்தேன். வாசலில் ஒரு பெண் பொலிஸ். கேற்றடியில் துவக்குகளோடு மூன்று நாலு பேர்.

உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டாள். அவளும் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"நோ," என்றேன். அதோடு நின்றேனா? "நோ ஹஸ்பண்ட்!" கழுத்தில் தாலிக்கொடி தொங்குகிறது, வாசலில் உங்கள் சப்பாத்து நாலு சோடி கிடக்கிறது, பின்னால் கொட்டிலில் அரம் கிறீச் கிறீச் என்று கேட்கிறது. எனக்குப் புருசனே இல்லை என்று பொலிசுக்குச் சத்தியம் பண்ணுகிறேன். அவள் முகம் மாறினது. கேற்றடியில் நின்றவர்கள் கிட்ட வந்தார்கள்.

அரச் சத்தம் நின்றது. அடுத்த கணம் வீட்டுப் பக்கச் சந்தால், உடம்பெல்லாம் மரத்தூளோடு, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு வந்தீர்கள். இருபது வருடம் பேசின இங்கிலிஷ் எல்லாம் எங்கே போனதோ, லண்டன் பொலிசுக்குத் தமிழில் கத்தினீர்கள்: "நான் இஞ்சை நிக்கிறன்! அவவை ஒண்டும் செய்யாதேங்கோ!"

புல்லில் முழந்தாள்படியிட வைத்தார்கள். ஒருவர் கொட்டிலுக்குள் போய்த் துவக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். துளை இல்லை என்று கண்டதும் எல்லாருடைய தோளும் இறங்கினது. இதை வெளியே தூக்கிப் பிடிக்காதீர்கள் என்று புத்தி சொன்னார்கள். போகும்போது அந்தப் பெண், ஏன் பொய் சொன்னாய் என்று என்னைக் கேட்டாள். முழந்தாளில் சேற்றோடு, என்னைப் பார்த்தபடி நீங்கள்தான் சொன்னீர்கள்: எங்கள் ஊரில் இப்படிக் கேட்டு வந்து கூட்டிக்கொண்டு போனால் ஆள் திரும்பி வருவதில்லை.

அன்றுதான் முதல் தடவையாகக் கொட்டிலுக்குள் வந்தேன். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு உளியைத் துடைத்து வைத்தீர்கள்.

"பத்தொன்பது வயசுப் பிள்ளையிட்டைத் துவக்கோடை வந்து கேட்டவங்கள், நீர் பதில் சொன்னனீர். பிழை கேட்டவங்களிலை. அக்காவுக்குச் சொல்லும்."

"ஏலாது."

"சரி, இண்டைக்கு ஏலாது."

உங்களுக்கேன் இந்தப் பைத்தியம் என்று கேட்டேன். "ஒருக்கா செக் பொயின்றிலை என்ரை கழுத்திலை துவக்கை வைச்சவங்கள். அண்டு தொடக்கம் அது பேய் மாதிரி மனசுக்குள்ளை கிடக்குது. கழட்டிப் பூட்டிப் பாத்தா இரும்பும் மரமும்தான்." இவ்வளவு காலம் ஒரே கட்டிலில் படுத்தும் எனக்கு இது தெரியாது. இரண்டு பேரும் நல்லாய்த்தான் குடும்பம் நடத்தியிருக்கிறோம். தேத்தண்ணி குடிக்க வாருங்கள் என்றேன். நீங்கள் வழக்கம்போலப் பைப்படிக்குப் போனீர்கள். "அங்கை என்ன கழுவல்? உள்ளை வாங்கோ," என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அடுத்த மாரிக் குளிரில் நெஞ்சு நோ என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் நாலாம் நாள் முடிந்துவிட்டது. துவக்கு உங்கள் வேட்டியில் சுற்றினபடி கொட்டிலில் இருக்கிறது. விற்கச் சொல்லுகிறார்கள். மாட்டேன் என்றுவிட்டேன்.

இன்று போன் காட்டில் மறைந்திருக்கிற நம்பரை நாணயத்தால் சுரண்டி எடுத்து அடித்தேன். யாழ்ப்பாணத்தில் மணி இரண்டு தரம் அடிக்க அக்கா எடுத்தாள். சுகம் கூடக் கேட்காமல் சொன்னேன்.

"அக்கா, தம்பி உள்ளை நிக்கிறான் எண்டு அண்டைக்கு நான்தான் சொன்னனான்."

"எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. "நான் கிணத்தடியிலை நிண்டனான். நீ சொன்னது கேட்டது."

"பிறகேனக்கா இவ்வளவு காலமும் ஒண்டும் கேக்கேல்லை?"

"என்னெண்டு கேக்கிறது? தம்பி என்னைத்தான் கூப்பிட்டவன். 'அக்கா, அக்கா' எண்டு ரெண்டு தரம். நான் போகேல்லையடி. கிணத்துக்கட்டுக்குப் பின்னாலை குந்திக்கொண்டு இருந்தனான்."

அம்மாவுக்கும் அவள் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்த இரண்டு பேர், ஆளுக்கொரு பாரத்தோடு இத்தனை வருடம் இருந்திருக்கிறோம். அவள் அழுதாள். சேறு படிந்த முழந்தாளோடு நீங்கள் என்னைப் பார்த்த பார்வைதான் கண்ணுக்குள் வந்தது. அந்தப் பார்வையை நான் எப்படி போனில் அனுப்புவேன்?

"அக்கா," என்றேன். "அவங்கள் போயிட்டாங்கள். எழும்பி வா."