உன் தம்பி கொண்டுவந்த நாற்காலிகள்

அன்பு மனைவிக்கு,

மூவாரில் மகளும் பச்சைக்குழந்தையும் நலந்தானே? இங்கே நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, நம் பகுதிக் குடும்பங்கள் கூடும் அன்பியச் செபம் நம் வீட்டில் நடந்தது. நீ இல்லாமல் நடத்தப் பயமாக இருந்தது, தள்ளிவைக்கவும் நினைத்தேன். பிறகு உன் தம்பியின் நினைவு வந்தது. பங்குச் சாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு அவன் கோவிலை விட்டு ஒன்பது வருடம் ஆகிறதே. அவனை அழைக்க ஐந்து காரணங்களை எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

கதவைத் திறந்தான். ஒரு காரணமும் வாயில் வரவில்லை. "பத்து நாற்காலி கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டேன். நம் வீட்டில் வேண்டிய நாற்காலி இருப்பது அவனுக்குத் தெரியாதா?

"செபமா அத்தான்? நேரா சொல்ல வேண்டியதுதானே லா!" என்று சிரித்தான்.

நாற்காலிகளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வாசலிலேயே நின்றான். நான் மாதா பாட்டைத் தொடங்கினேன். அந்தச் சுருதி யாருக்கும் எட்டவில்லை.

"அலமாக்! இறக்குங்க அத்தான், இறக்குங்க!" என்று உள்ளே வந்தவன், தானே தாழ்த்தி எடுத்துப் பாடினான். மூன்று சரணமும், புத்தகம் பார்க்காமல். எல்லாரும் அவனோடு சேர்ந்து பாடியதில் பக்கத்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்: "ஞாயித்துக்கிழமை பூசை இன்னும் எட்டு மணிக்குத்தானா?"

எட்டரை என்று மட்டும் சொன்னேன். மேலே பேசிக் கெடுக்கவில்லை. சரிதானே?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்